புளியரை இறக்கத்துக்கு ஒரு வண்டி

கரமனை, திருவனந்தபுரம்
9 ஜூன் 2025

அண்ணே,

சமாதானம் பேசுவதற்காக இதை எழுதவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் போன் அணைந்தே கிடக்கிறது. போனக்காட்டில் எந்த மூலையில் நின்றாலும் சிக்னல் கிடைக்காது என்று திரவியம் மாமா சொன்னார். நீ அவருடைய ஜீப்பில் தினமும் சாமான் ஏற்ற வித்துராவுக்கு இறங்கி வருகிறாய், சுவாமிதாஸ் டீக்கடைக்கு எழுதினால் உன் கையில் கிடைக்கும் என்று வழி சொல்லித் தந்ததும் அவர்தான்.

புதுக் கார் தயாராகிவிட்டது. புதுக் கார் என்றால் ஒரு டாக்டர் பத்து வருஷம் ஓட்டிக் கழித்த சின்னக் கார். சீட்டையெல்லாம் கழற்றி, இரும்புக் குழாயில் உள்ளே கூண்டு கட்டி, இஞ்சினை இறக்கி ஏற்றி, நானும் ஷைஜுவும், புருஷனும் பெண்டாட்டியுமாக, ஒர்க்‌ஷாப் வேலை முடிந்த நேரங்களில் ஒன்றரை வருஷமாக உருவாக்கினோம். ஷைஜு குனிய முடியாத வேலையை நான் செய்தேன். அவர் காலில் கம்பி இன்னும் இருக்கிறது. ஆகஸ்ட் முதல் வாரம் கோவை டிராக்கில் பந்தயம். பெயர் கொடுத்துவிட்டேன். எனக்கு முப்பத்திரண்டு வயது. இன்னும் எத்தனை சீசன் ஓட்டுவேன் என்று தெரியாது.

ட்ரெய்லரைச் சரிசெய்தாயிற்று. அதை இழுக்க வண்டி இல்லை. பழைய பிக்கப் அந்த விபத்தோடு போயிற்று. மூன்று வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று பாப்பனங்கோட்டில், வெள்ளை டபுள் கேபின், ஏழு வருஷப் பழசு, பார்த்தால் நேற்று ஷோரூமிலிருந்து இறங்கியது போல இருக்கிறது. இன்னொன்று சாலைக் கடைத்தெருவில் காய்கறி ஏற்றுகிற சின்ன பிக்கப். மூன்றாவது நெடுமங்காட்டில், நீல டபுள் கேபின், பதினொரு வருஷம், வெயிலில் நிறம் போய் சீட்டுத் துணி கிழிந்து கிடக்கிறது. எனக்கு வெள்ளைதான் பிடித்திருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் புளியரை இறக்கத்தில் நீ ஸ்டியரிங்கில் கண்ணயர்ந்தாய் என்று தென்காசி ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துச் சொன்னேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். இருந்தாலும் பதினைந்து வருஷம் லாரி ஓட்டியவன் நீ. இதைக் கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை.

பிரேமா


போனக்காடு
17 ஜூன்

பிரேமா,

கடிதம் கிடைத்தது. ஸ்டியரிங்கில் உறங்கினவனிடம் போய் எந்த வண்டி வாங்கலாம் என்று கேட்காதே. வேறு யாரையாவது பார்.

ஷைஜு கால் மடங்குகிறதா? மாமாவுக்குச் சொல்லத் தெரியவில்லை.

பால்பாண்டி

மேலே உள்ளதை எழுதி மூடி, மூன்று நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். பிரித்து மறுபடி எழுதுகிறேன்.

மூன்று வண்டியின் நிறம் எழுதியிருக்கிறாய், வயது எழுதியிருக்கிறாய், சீட்டுத் துணிகூட எழுதியிருக்கிறாய். எடை மட்டும் எழுதவில்லை. எடை தெரியாமல் இழுவை வண்டி தேடக் கூடாது. இழுப்பது எந்த வண்டியாலும் முடியும். நிறுத்துவதும், பின்னால் வருவது தள்ளும்போது நேராக நிற்பதும்தான் விஷயம். காரை ட்ரெய்லரில் ஏற்றி, கொண்டுபோகிற எல்லாச் சாமானையும் வைத்து, எடை மேடையில் ஏற்றிப் பார். பிக்கப்பின் தனி எடை அதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். குறைந்தால் அந்த வண்டி வேண்டாம்.

கொக்கி எதில் மாட்டியிருக்கிறது என்று படுத்துப் பார். பம்பரில் மாட்டியிருந்தால் விட்டுவிடு. அடியில் ஓடுகிற சேஸிஸ் சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கியிருக்க வேண்டும். டார்ச் கொண்டு போ. நிறத்தை மேலே நின்று பார்த்தது போதும்.


கரமனை
26 ஜூன்

அண்ணே,

முதல் நாலு வரி கோபம், அடுத்த அரைப் பக்கம் பாடம். ஷைஜு வாசித்துவிட்டு, மச்சான் பாசத்தோடு, "அளியன் அப்படியேதான் இருக்கார், ஒண்ணும் மாறல" என்று சிரித்தார். அவர் கால் முக்கால் பாகம் மடங்குகிறது. நடக்கும்போது லேசாகச் சாய்வார். கிளச் மிதித்துப் பத்து நிமிஷம் ஓட்டினால் வலி வந்துவிடும். அதனால் கோவைக்கு ட்ரெய்லரை அவர் இழுத்துப் போக முடியாது.

எடை மேடைக்கு ஒரு லாரிக்காரரைக் கெஞ்சி இழுத்துக்கொண்டு போனேன். கார் எண்ணூற்று நாற்பது கிலோ. ட்ரெய்லர் நானூற்று எண்பது. மாற்றுச் சக்கரம் நாலு, ஜாக்கி, டூல்ஸ் பெட்டி, கேன் எல்லாம் சேர்த்து நூற்றைம்பது. ஆக ஆயிரத்து நானூற்று எழுபது. காய்கறி பிக்கப் காலியாக ஆயிரத்து நூறுதான் வருகிறது, அதனால் அதை விட்டுவிட்டேன். மற்ற இரண்டும் ஆயிரத்து எண்ணூறுக்கு மேல்.

பிறகு பாப்பனங்கோட்டுக்கு டார்ச்சோடு போனேன். விற்கிறவர் பெயர் ராகேஷ், புரோக்கர். நான் சுடிதாரோடு தரையில் படுத்ததும் அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எதற்கு அடியில் பார்க்கிறாய் என்று, "சேச்சி, பக்கா கண்டிஷன், எந்தினா அடியில் நோக்குந்நது" என என் செருப்புக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தார். கொக்கி பம்பரில்தான் இருந்தது. போகட்டும், மாற்றிக்கொள்ளலாம் என்று உள்ளே தள்ளிப் போனேன். பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் சேஸிஸில் ஒரு முழ நீளத்துக்குக் கறுப்புப் பெயின்ட் மட்டும் புதுசாக இருந்தது. சாவியால் சுரண்டினேன். கீழே வெல்டிங். கேட்டால், பெரிய விஷயமில்லை என்பது போல, "அது சாரமில்ல சேச்சி, சின்ன ஒரு தட்டு" என்றார். எதன் மேல் தட்டியது என்று கேட்டேன். விலையைக் குறைக்கிறேன் என்றார்.

நீ சொல்லாவிட்டால் அன்றே முன்பணம் கொடுத்திருப்பேன். இதை எழுதுவது எனக்கு அவ்வளவு சுலபமாக இல்லை.

நீல வண்டியில் என்ன பார்க்க வேண்டும்?

பிரேமா


போனக்காடு
3 ஜூலை

பிரேமா,

வெள்ளை வண்டியை மறந்துவிடு.

நீல வண்டி இத்தனை நாள் என்ன வேலை செய்தது என்று கேட்டாயா? நெடுமங்காட்டுப் பக்கம் என்கிறாய். பாறை உடைக்கிறவர்கள் கம்ப்ரசர் இழுக்க வைத்திருந்த வண்டி என்றால் நல்லது. அவர்கள் கொக்கியைச் சேஸிஸில்தான் போடுவார்கள். கிளச்சும் ஒரு தடவையாவது மாற்றியிருப்பார்கள். கொக்கி பின்சக்கரத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. தள்ளி நீட்டிக்கொண்டிருந்தால் ட்ரெய்லர் வாலை ஆட்டும்போது பிக்கப்பின் பின்பக்கத்தையும் சேர்த்து ஆட்டும். ஏற்றத்தில் நிறுத்தி, இரண்டாம் கியரில் எடுத்துப் பார். கருகிய வாடை வந்தால் கிளச் போயிற்று. இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் இரண்டாம் கியரில் விட்டுப் பார். இஞ்சின் பிடித்து நிறுத்த வேண்டும்.

இன்னொன்று. சரியான வண்டி வாங்கினால் மட்டும் போதாது. ட்ரெய்லரின் மூக்கு கொக்கியின் மேல் அழுத்த வேண்டும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது அங்கே இருக்க வேண்டும். உன் கணக்குக்கு நூற்றைம்பது கிலோ. மூக்குக்கு அடியில் எடைத் தட்டை வைத்துப் பார். குறைந்தால் காரை முன்னால் தள்ளு, கூடினால் பின்னால் தள்ளு. பாரத்தைப் பின்னால் வைத்தால் மூக்கு தூக்கும். மூக்கு தூக்கினால் இறக்கத்தில் வால் ஆடும். ஆடத் தொடங்கினால் பிறகு எந்த டிரைவராலும் பிடிக்க முடியாது.

இதை வாசித்துவிட்டு விட்டுவிடாதே. கையால் செய்து பார்.

பால்பாண்டி


கரமனை
9 ஜூலை

அண்ணே,

இந்தக் கடிதத்தை நாலு தடவை கிழித்துவிட்டேன்.

இரும்புக் கடையிலிருந்து எடைத் தட்டு இரவல் வாங்கி வந்து ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்தோம். சாமானையெல்லாம் முன்பக்கம் வைத்தபோது நூற்றைம்பத்திரண்டு காட்டியது. அதற்குப் பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. ஷைஜுவிடம் சொல்லாமல், நாலு சக்கரத்தையும் ஜாக்கியையும் டூல்ஸ் பெட்டியையும் தூக்கி ட்ரெய்லரின் வால்பக்கம் அடுக்கினேன். தட்டில் முப்பதுகூட இல்லை. குனிந்து மூக்கைப் பிடித்தேன். என் இரண்டு கையாலேயே மேலே வந்துவிட்டது.

அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். ஷைஜு வந்து என் கையிலிருந்து இறக்கி வைத்தார்.

விபத்துக்கு முந்தின நாள், அம்மாவுக்கு வாங்கிய இரும்புக் கட்டிலையும் பிளாஸ்டிக் நாற்காலிகளையும் பிக்கப்பில் ஏற்ற இடம் வேண்டும் என்று, நீ பிக்கப்பில் கட்டி வைத்திருந்த சக்கரங்களையும் சாமானையும் இறக்கி ட்ரெய்லரின் வாலில் வைத்தது நான்தான். வைத்துவிட்டுச் சாயங்காலப் பஸ்ஸில் தென்காசிக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் நீயும் ஷைஜுவும் பழைய பந்தயக் காரை இழுத்துக்கொண்டு கிளம்பினீர்கள். புளியரை இறக்கத்தில் உங்களுக்குப் பின்னால் வந்த லாரிக்காரர், வண்டி பாம்பு போல வளைந்து போய்ப் பாறையில் மோதியது, டிரைவர் உறங்கியிருப்பார் என்றார். முந்தின ராத்திரி நீ லோடு ஓட்டிவிட்டு வந்தது எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் ஷைஜு காலைப் பார்த்ததும், நீ உறங்கினாய் என்பதையே பிடித்துக்கொண்டேன். நீ பேசிக்கொண்டேதான் ஓட்டினாய் என்று ஷைஜு எத்தனையோ தடவை சொன்னார். உன்னைக் காப்பாற்றச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

நீ உறங்கவில்லை. ஷைஜு காலுக்குக் காரணம் நான். இரண்டு வருஷமாக அதை உன் தலையில் வைத்துவிட்டு, காரைக் கட்டி, பெயரும் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பந்தயத்திலிருந்து பெயரை எடுத்துவிடலாம் என்று ஷைஜுவிடம் சொன்னேன். அவர் அதிகம் பேசமாட்டார், உனக்குத் தெரியும். "எனக்குக் கால் போச்சு. நீயும் போய் மூலையில இருந்தா எனக்கு என்ன கிடைக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

என்னை மன்னித்துவிடு என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதுகிறேன்.

பிரேமா


போனக்காடு
14 ஜூலை

பிரேமா,

உன் கடிதத்தை டீக்கடையில் வைத்துப் பிரித்திருக்கக் கூடாது. சுவாமிதாஸ், வீட்டில் யாருக்காவது சுகமில்லையா என்று கேட்டுவிட்டார்.

நீ முழுவதையும் உன் பேரில் எழுதிவிட்டாய். அது சரியில்லை. அன்று காலையில் கயிறு கட்டியது நான். சக்கரங்கள் வாலில் இருப்பதைப் பார்த்தேன். பார்த்ததும் தெரிந்தது, இது தப்பு என்று. இறக்கி முன்னால் வைக்க அரை மணி நேரம் ஆகும். கட்டிலை வேறு இறக்க வேண்டும். தென்காசி வரைதானே, மெதுவாகப் போய்விடலாம் என்று நினைத்துக் கயிற்றை இறுக்கிவிட்டேன். பதினைந்து வருஷம் பாரம் கட்டினவன் நான். உனக்குத் தெரியாமல் செய்தாய். நான் தெரிந்தே விட்டேன்.

ஆஸ்பத்திரியில் நீ உறக்கம் என்றபோது இதைச் சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் உன்னையும் சேர்த்து இழுக்க வேண்டும். நீ அப்போது இருந்த நிலையில் அது வேண்டாம் என்று தோன்றியது. ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. என் தப்பு உறக்கமாக இருந்தால் பரவாயில்லை, சோம்பலாக இருக்கக் கூடாது என்றும் ஒரு நினைப்பு. அதோடு, நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்ற கோபம். எல்லாம் சேர்ந்து இங்கே ஏறி வந்துவிட்டேன். இங்கே ஜீப் ஓட்டுகிறேன். பின்னால் எதுவும் கட்டி இழுப்பதில்லை. மாமா ஒரு தடவை சின்ன ட்ரெய்லர் மாட்டச் சொன்னார். மாட்ட முடியவில்லை, சாவியை அவரிடமே கொடுத்துவிட்டேன்.

பெயரை எடுக்காதே. நீல வண்டிக்காரரிடம் சொல்லி அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வித்துராவுக்குக் கொண்டு வா. ட்ரெய்லர் வேண்டாம். ஷைஜுவும் வரட்டும், அவரால் முடியும் என்றால். இந்த மலை ரோட்டில் ஓட்டிப் பார்த்தால் அந்த வண்டி என்னவென்று தெரிந்துவிடும்.

பால்பாண்டி


கரமனை
22 ஜூலை

அண்ணே,

நீல வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. வண்டிக்காரர் ஜெயன் சார் நேற்றுப் பேப்பரெல்லாம் மாற்றித் தந்தார். நீ சொன்னபடியே அவர் கம்ப்ரசர் இழுக்கத்தான் வைத்திருந்தாராம். கொக்கியைப் பார்த்து நீ தலையாட்டியபோது அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

வித்துராவில் உன்னைப் பார்த்ததும் என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். நீ என்னைப் பார்க்காமல் நேராக ஷைஜுவிடம் போய், "காலைக் காட்டும், மடக்கிப் பாப்போம்" என்று சந்தை நடுவில் அவரை ஒரு கல்லில் உட்கார வைத்துவிட்டாய். எனக்கு யோசித்ததெல்லாம் மறந்துபோயிற்று. நீ மெலிந்திருக்கிறாய். மீசையில் நரை வந்திருக்கிறது. மலையேறும்போது நீ கியர் மாற்றிய விதத்தைப் பார்த்து ஷைஜு என் முழங்கையில் இடித்தார்.

கீழே வந்ததும் நீ சொன்னது, "வண்டி அழகில்ல. ஆனா நிக்கச் சொன்னா நிக்குது" என்பதுதான். அதற்குப் பிறகு யார் கோவைக்கு இழுத்துப் போவது என்று மூன்று பேரும் கேட்கவில்லை. ஜெயன் சார் இருந்தார், டீ ஆறிவிட்டது, நீ ஜீப்புக்குப் போய்விட்டாய். இப்போது கேட்கிறேன். அம்மாவுக்குக் காரைக் காட்டிவிட்டுப் போக வேண்டும், அதனால் புளியரை வழிதான். நான் இழுக்கத் தயார், நேற்றிலிருந்து பழகுகிறேன். ஆனால் முப்பத்தோராம் தேதியே நான் கோவையில் மருத்துவப் பரிசோதனைக்கும் கூட்டத்துக்கும் நிற்க வேண்டும், ரயிலில் போகிறேன். கார் மறுநாள் வந்தால் போதும். நீ முடியாது என்றால் கூலிக்கு ஆள் பார்க்கிறேன். கோபப்படமாட்டேன்.

பிரேமா


கோவை
1 ஆகஸ்ட்

பிரேமா,

இதைப் பிக்கப்பின் டிரைவர் சீட்டில் வைத்துவிட்டுப் போகிறேன். மாமா ஜீப்புக்கு வேறு ஆளில்லை, சாயங்காலப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அது ஒரு காரணம். நீ அந்தக் காரில் வளைவில் திரும்புவதைப் பார்க்க என்னால் ஆகாது என்பது இன்னொன்று.

கொக்கியை மாட்டிக் கழற்றி, மூன்று தடவை மாட்டினேன். ஷைஜு பாதுகாப்புச் சங்கிலியை எடுத்து மாட்டினார். மூக்குப் பாரத்தை இரண்டு தடவை நிறுத்துப் பார்த்தோம். தென்மலை தாண்டி ஆரியங்காவு வந்தோம். இறக்கம் தொடங்கும் இடத்தில் இரண்டாம் கியருக்கு மாற்றினேன். இஞ்சின் உறுமியது. கண்ணாடியில் ட்ரெய்லர் நேராக வந்தது. இருபத்தைந்துக்கு மேல் முள் போகவில்லை. பின்னால் ஒரு பஸ்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தான். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த இடத்துக்குக் கொஞ்சம் கீழே ஷைஜு, "அளியா, ஒண்ணு நிறுத்தும்" என்றார். ஒதுக்கி நிறுத்தினேன். இறங்கிச் சாய்ந்து சாய்ந்து மேலே நடந்து போய்ப் பாறையைப் பார்த்தார். நானும் போனேன். அதில் நம் பழைய வண்டியின் பெயின்ட் கொஞ்சம்கூட இல்லை, மழை கழுவிவிட்டது. ஷைஜு, "இவ்வளவு சின்னப் பாறையா இது?" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இத்தனை நாள் என் மனதில் அது வீடு உயரத்துக்கு இருந்தது.

அதே இடத்தில் நின்று நான் அவரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பைக் கேட்டேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு வண்டி வரை நடந்தார். வழுக்குகிறது என்றார். வழுக்கவில்லை.

அம்மா தெருவையே கூப்பிட்டுக் காரைக் காட்டினாள். இதில் சீட்டே இல்லையே, உன் தங்கச்சி எங்கே உட்காருவாள் என்று கேட்டாள்.

திரும்பி வரும்போது பாலக்காட்டு வழியாக வா, அங்கே இப்படி இறக்கம் இல்லை. நீ இழுத்துவிடுவாய்.

பால்பாண்டி


கரமனை
6 ஆகஸ்ட்

அண்ணே,

முதல் பந்தயத்தில் பதினான்கு காரில் பதினொன்றாவது. பயந்து பயந்து பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே ஓட்டினேன். இரண்டாவதில் ஆறாவது. கடைசி வளைவில் முன்னால் போன கார் அகலமாகத் திரும்பியது, உள்பக்கம் இடம் கிடைத்தது, நுழைந்துவிட்டேன். ஷைஜு தடுப்புச் சுவருக்கு மேல் ஏறி நின்று கத்தியிருக்கிறார். கம்பி வைத்த காலோடு எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியவில்லை. இறக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

பாலக்காட்டு வழியாக நானே இழுத்து வந்தேன். குதிரானில் ஒரு லாரி ஒட்டி முந்தியபோது மட்டும் ட்ரெய்லர் லேசாக அசைந்தது. பிரேக்கைத் தொடாமல் ஆக்ஸிலேட்டரை விட்டேன். ஆட்டம் தானாக நின்றுவிட்டது.

ஒரு விஷயம். கொச்சியிலிருந்து வந்திருந்த டீமின் விஜயலக்ஷ்மி மேடம் நம் ட்ரெய்லர் கட்டிய விதத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கட்டியது யார் என்று கேட்டார். அவர்களிடம் இரண்டு கார் இருக்கிறது, ஒவ்வொரு ரவுண்டுக்கும் இழுத்துப் போக நம்பி விட ஆளில்லையாம். செப்டம்பர் பதிமூன்று, சென்னை. சீசன் முழுக்க வேலை இருக்கும் என்கிறார். நம் காரும் அதே நாள் அங்கே போக வேண்டும். நான் உனக்காக எதுவும் சொல்லவில்லை, முகவரி மட்டும் கொடுத்தேன். சரி என்றோ முடியாது என்றோ நீயே எழுதிவிடு.

பிரேமா


போனக்காடு
20 ஆகஸ்ட்

பிரேமா,

ஆறாவது என்பதைச் சுவாமிதாஸ் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். எத்தனை பேரில் என்று கேட்கிறவர்களிடம் நாற்பது என்கிறார். நான் திருத்தவில்லை.

விஜயலக்ஷ்மி மேடத்துக்கு எழுதிவிட்டேன். வருகிறேன் என்றுதான் எழுதினேன். முதலில் அவர்களுடைய இழுவை வண்டியை அடியில் படுத்துப் பார்ப்பேன், எடை மேடை ஏறாமல் நகரமாட்டேன் என்றும் எழுதினேன். சம்மதம் என்று பதில் வந்திருக்கிறது. மாமாவிடம் சொன்னேன். ஜீப்பை ஓட்ட அவருடைய மருமகனை வரச் சொல்லியிருக்கிறார். போனை இன்று வித்துராவில் வைத்துத் திறந்தேன். ஆயிரத்துச் சொச்சம் மெசேஜ், பாதி உன்னுடையது, எல்லாம் பழைய திட்டு. வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, முதல் பஸ்ஸில் கரமனைக்கு இறங்குகிறேன். அதற்குள் ட்ரெய்லர் டயரில் காற்றுப் பார்த்து வைக்க வேண்டும். ஷைஜுவைப் பார்க்கச் சொல். நீ பார்த்தால் போகட்டும் என்று நாலு பவுண்டு கூட வைப்பாய்.

அண்ணன்